ஸ்டாம்ப் ஒட்டாத நாற்பத்தொரு கடிதங்கள்

போன மாதம் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு மனிதரைத் திருடன் ஆக்கினோம்.

ஐந்து பேரும் படித்தவர்கள். இரண்டு பி.ஏ., ஒரு பி.காம்., ஒரு வக்கீல், அப்புறம் நான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வேலையை ஆரம்பித்தோம். பதினொன்றேகாலுக்கு முடித்துவிட்டோம். நடுவில் வடையும் காப்பியும் வேறு வந்தது.

எங்கே என்று கேட்கிறீர்களா? எங்கள் தபால்தலைச் சங்கத்தில்தான்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் ஸ்டாம்ப் பைத்தியம் தெரியும். தூத்துக்குடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில், மாதத்தில் இரண்டாவது ஞாயிறு நாங்கள் கூடுவோம். உறுப்பினர்கள் பதினொரு பேர். தவறாமல் வருகிறவர்கள் ஐந்து பேர். தலைவர், உப்பளம் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. கொழும்பிலிருந்து தருவித்த பூதக்கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார். கல்யாண வீட்டுக்கும் அதோடுதான் போவார் என்று சொல்கிறார்கள். பொருளாளர் ஒரு வக்கீல். செயலாளர் அடியேன், ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸ் கிளார்க். மற்ற இருவரும் எது சொன்னாலும் தலையாட்டுகிறவர்கள். எந்தச் சங்கத்துக்கும் அப்படி இரண்டு பேர் தேவைப்படுகிறார்கள்.

எங்கள் இனத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். நாங்கள் மூலையை மட்டும் பார்க்கிற ஜாதி. ஒரு கவர் கையில் வந்தால் கண் நேரே வலது பக்க மேல் மூலைக்குப் போகும். கத்தரிக்கோல் எடுப்போம், மூலையை வெட்டுவோம், தட்டில் தண்ணீர் ஊற்றி மிதக்க விடுவோம், ஸ்டாம்பு கழன்று வந்ததும் நியூஸ் பேப்பரில் உலர்த்தி ஆல்பத்தில் வைப்போம். உள்ளே இருக்கிற கடிதமா? அது யாருக்கு வேண்டும்... என் கல்யாணத்துக்கு வந்த வாழ்த்துக் கவர்களை நான் வெட்டிய வெட்டில், யார் யார் எங்களை வாழ்த்தினார்கள் என்பதே இன்றுவரை என் மனைவிக்குச் சரியாகத் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பீச் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய பஞ்சு ஏற்றுமதிக் கம்பெனி. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை ஆரம்பித்தது. இப்போது எல்லோரும் புதுத் துறைமுகத்தைப் பார்த்து நகர்கிறார்கள் அல்லவா, அவர்களும் கட்டிடத்தைக் காலி செய்தார்கள். பரணில் ஒரு இரும்புப் பெட்டி இருந்திருக்கிறது. துரை கப்பல் ஏறும்போது தன் தகப்பன் வீட்டுக் கடிதங்களையும் கூடவே கொண்டு வந்திருக்கிறார் போலும். எல்லாம் இங்கிலாந்துக்குள்ளேயே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போன கடிதங்கள்.

கம்பெனி மேனேஜர் நல்ல மனிதர். எனக்கு போன் செய்தார்.

"குப்பையில போடப் போனோம். ஒங்க ஞாபகம் வந்துச்சு. நாப்பத்தொண்ணு இருக்கு. கட்டிக் குடுத்து அனுப்புதேன்" என்றார்.

பழைய இங்கிலாந்துக் கடிதங்கள், அதுவும் நாற்பத்தொன்று! எனக்கு அன்றைக்கு ஆபீஸில் ஒரு வேலையும் ஓடவில்லை. இரண்டாவது ஞாயிறு வந்தது. கட்டு வந்து சேருவதற்கு முன்பே தலைவர் பாகப்பிரிவினையை முடித்துவிட்டார். ஆளுக்கு எட்டு, தலைவருக்கு ஒன்பது. வராத ஆறு உறுப்பினர்களுக்கு எங்கள் வாழ்த்துகள்.

கட்டைக் கொண்டு வந்தவர் சூசை. அந்தக் கம்பெனிக் குடோனின் வாட்ச்மேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முன்னே கடலில் சங்கு குளித்தவர், முத்துக் குளித்தவர். காதில் ரத்தம் வந்து டாக்டர் தடுத்த பிறகு கரையேறி, பதினைந்து வருஷமாக அந்தக் குடோன் வாசலில் இருக்கிறார். சைக்கிளில் வந்து, மாடியேறி, கட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவருகே நின்றார். டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான் அவர் வேலை.

வக்கீல் கட்டைப் பிரித்தார். ஐந்து தலைகள் மேஜைமேல் குனிந்தன.

ஸ்டாம்பு இல்லை.

முதல் கடிதத்தில் இல்லை. இரண்டாவதில் இல்லை. நாற்பத்தொன்றையும் புரட்டினோம், ஒன்றில்கூட இல்லை. கவர் என்று தனியாகவும் ஒன்றும் இல்லை. பெரிய காகிதத்தையே மடித்து, வெளிப்புறத்தில் விலாசம் எழுதி, அரக்கு வைத்திருந்தது. முன்பக்கம் கறுப்பு மையில் ஏதோ பெரிய கிறுக்கல். சிலதில் சிவப்புக் கிறுக்கல். அங்கங்கே வட்ட முத்திரை. சில முத்திரையில் ஊர்ப் பெயர், அதற்குக் கீழே ஒரு நம்பர். எங்களுக்கு வேண்டிய மூலை மட்டும் காலியாக இருந்தது.

அப்போது வக்கீல் ஒரு கடிதத்தைத் திருப்பினார். அரக்குக்குப் பக்கத்தில் காகிதம் ஒரு துண்டு பிய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. இன்னொன்றை எடுத்தார். அதிலும் ஓட்டை.

"பிய்ச்சு எடுத்திருக்கான்" என்றார்.

"யாரு?"

வக்கீல் கதவுப் பக்கம் பார்த்தார். அவர் பார்த்ததால் நாங்களும் பார்த்தோம்.

தலைவர் அவசரப்படுகிறவர் இல்லை. விஞ்ஞான முறைப்படிதான் எதையும் செய்வார். பூதக்கண்ணாடியால் ஒரு கடிதத்தின் வலது மூலையை நன்றாகப் பார்த்தார். திருப்தி வரவில்லை. நாக்கை நீட்டி அந்த மூலையை லேசாக நக்கினார். கண்ணை மூடி யோசித்தார்.

"பசை ருசி இருக்கு. இங்கன ஸ்டாம்பு இருந்திருக்கு" என்றார்.

உப்பளத்துக்காரர் நாக்கு அல்லவா, அதை யார் மறுப்பது? நான் மறுக்கவில்லை. மினிட்ஸ் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

சூசையை உள்ளே கூப்பிட்டோம். உட்காரச் சொன்னோமா? இல்லை.

"சூசை, வழியில எங்கயும் நின்னியா?" என்று தலைவர் கேட்டார்.

"நின்னேன் அண்ணாச்சி. டீ குடிச்சேன்."

"எவ்வளவு நேரம்?"

"டீ ஆறுத நேரம்தான்."

'டீ குடித்ததை ஒப்புக்கொண்டார்' என்று வக்கீல் எனக்குச் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"கட்டு அப்ப எங்க இருந்துச்சு?"

"சைக்கிள் கேரியர்ல. என்ன அண்ணாச்சி, காயிதம் எதுவும் கொறையுதா?"

"காயிதம் கொறையல. காயிதத்துல இருந்தது கொறையுது."

சூசைக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் மாறிவிட்டது. மேஜையில் கிடந்த சணல் கயிற்றை எடுத்துக் காட்டினார்.

"மேனேஜரு போட்ட முடிச்சு சார் இது. நீங்கதான் இப்ப அவுத்திய. நான் தொடவே இல்ல."

"நீ கடல்ல கயிறு புடிச்சுப் பொழச்ச ஆளு" என்றார் வக்கீல். "ஒரு முடிச்ச அவுத்து அதே மாதிரி போட ஒனக்குத் தெரியாதாக்கும்?"

இருபது வருஷம் உயிரைக் கட்டி இறக்கிய கயிறு. அந்தத் தொழில் தெரிந்ததே சாட்சியாகிவிட்டது. பி.ஏ. இருவரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன் என்றுதான் ஞாபகம்.

சூசை கயிற்றை மேஜைமேல் திரும்ப வைத்தார். பிறகு சொன்னார்.

"முத்துக்குளிப்புச் சலாபம் நடக்கும்போது சிப்பிய பிளக்காமத்தான் அண்ணாச்சி ஏலம் விடுவாங்க. எடுத்த வியாபாரி வீட்டுக்குப் போயி பிளந்து பாப்பான். உள்ள ஒண்ணும் இருக்காது. ஒடனே கரைக்கு ஓடி வந்து குளியாள்மாரு வாயத் தொறங்கலேன்னு சொல்லுவான். வெரலை விட்டுத் தேடுவான். எம் வாயிலயும் தேடியிருக்கான். வெறுஞ்சிப்பின்னு ஒண்ணு கடல்ல இருக்கு, அத அவனுக்குச் சொன்னாப் புரியாது."

"இது சிப்பி இல்ல சூசை, தபாலு" என்றார் தலைவர். "ஸ்டாம்பு ஒட்டாம தபாலு எப்படிப் போகும், சொல்லு பாப்போம்."

சூசையால் சொல்ல முடியவில்லை. பதில் சொல்ல முடியாதவன் குற்றவாளி என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை காலையில் புகாரை நான் எழுதினேன். ஆங்கிலத்தில். தட்டெழுத்தில் ஒரு பக்கம். என் ஆங்கிலம் அன்றைக்கு வந்த மாதிரி எனக்கு என்றைக்கும் வந்ததில்லை. 'ஈடு செய்யவே முடியாத இழப்பு' என்பதற்கும், 'ஐயத்துக்குச் சற்றும் இடமின்றி' என்பதற்கும் அருமையான வார்த்தைகள் தாமாக வந்து விழுந்தன. எழுதி முடித்து இரண்டு தடவை வாசித்து ரசித்தேன். மேனேஜருக்கு ஒன்று, தலைவர் சொன்னபடி கம்பெனியின் மெட்ராஸ் ஆபீஸுக்கு ஒரு நகல். இரண்டும் ரிஜிஸ்டர் தபாலில், ஒப்புகைச் சீட்டோடு. கவர்களுக்கு ஸ்டாம்பு ஒட்டும்போது அழகான படமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, கோணாமல் ஒட்டினேன்.

புதன்கிழமை எங்கள் ஆபீஸ் பியூன் சொன்னான்: "சூசையண்ணன வேலைக்கு வர வேண்டாம்னு நிப்பாட்டிட்டாங்களாமே சார். வெசாரணை முடிஞ்சாத்தான் உண்டா இல்லையான்னு தெரியுமாம்."

எனக்கு மனது உறுத்தியதா? ஆம் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உறுத்தவில்லை. என் பங்குக்கு வரவேண்டிய எட்டு ஸ்டாம்பு போன துக்கத்தில்தான் இருந்தேன்.

மேனேஜர் எங்களைவிட நிதானமானவர். 'ஒரு ஆளை நிரந்தரமாக நீக்குவதற்கு முன், இந்தக் கடிதங்களில் ஸ்டாம்பு இருந்தே ஆகவேண்டும் என்று தபால் இலாகாவில் விவரம் தெரிந்த யாராவது எழுதித் தந்தால் நல்லது' என்று குறிப்பு அனுப்பினார். வக்கீலுக்கு அது ஒரு விஷயமே இல்லை. அவருக்குத் தெரிந்த செண்பகவல்லி என்கிற பெண், தபால் ஆபீஸ் கவுண்டரில் கிளார்க். அடுத்த ஞாயிறே விசேஷக் கூட்டம் போட்டோம். சூசையையும் வரச் சொன்னோம். அவர் பழையபடி கதவருகே நின்றார்.

செண்பகவல்லி ஓட்டப்பிடாரத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். கையில் பை, காய்கறி வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார் தலைவர். "ஸ்டாம்பு ஒட்டாம தபாலு போகாதுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்தாப் போதும்."

"போகுமே அண்ணாச்சி" என்றார் செண்பகவல்லி.

"எப்படிப் போகும்?"

"பேரிங்ல போகும். தெனமும் எங்க ஆபீஸுக்கு பத்து பதினஞ்சு வருது. வாங்குறவுக துட்டு கட்டி வாங்கிட்டுப் போறாக."

பேரிங்! எங்களுக்குத் தெரியாதா என்ன? என் மைத்துனர் பதினாறு வருஷமாக எனக்கு எழுதுகிற கடிதம் அத்தனையும் பேரிங்தான். மாதா மாதம் தபால்காரரிடம் திட்டிக்கொண்டே காசு கொடுக்கிறேன். ஆனால் அந்தக் கடிதத்தில் மூலை காலி. மூலை காலியான கடிதம் எங்கள் புத்தியில் கடிதமாகவே பதிவதில்லை.

செண்பகவல்லி ஒரு கடிதத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

"இந்தா கறுப்பு மையில கிறுக்கியிருக்குல்லா, இது கையெழுத்து இல்ல அண்ணாச்சி, நம்பரு. எட்டு. இதுல ஒம்பது. நாங்களும் பேரிங் காயிதத்துல எவ்வளவு வாங்கணும்னு இப்படித்தான் மேல போட்டுக் குடுப்போம். எழுத்துதான் கொஞ்சம் பழைய மாதிரி இருக்கு."

"இதுல செவப்பு மையில்லா இருக்கு?" என்று வக்கீல் ஒன்றை நீட்டினார். குறுக்கு விசாரணையாம்.

"பக்கத்துல முத்திரையப் பாருங்க. 'பெய்டு'ன்னு இருக்கு. அனுப்புனவனே கட்டிட்டான். செவப்பு எல்லாத்துலயும் இந்த முத்திரையும் இருக்கு, கறுப்புல இல்ல. பாருங்க."

பார்த்தோம். அப்படித்தான் இருந்தது. ஒரு வாரமாக எங்கள் மேஜையிலேயே அப்படித்தான் இருந்திருக்கிறது.

"சரிம்மா, இந்த ஓட்டை?" என்றார் தலைவர். "ஸ்டாம்ப பிய்ச்ச எடம் இது."

"அரக்கு அண்ணாச்சி. இன்ஷூர் தபாலுக்கு நாங்க தெனமும் அரக்கு வைக்கோம், எங்களுக்குத் தெரியாதா? அரக்கு வச்சு ஒட்டுன காயிதத்தப் பிரிச்சா கிழியத்தான் செய்யும்." மடித்துக் காட்டினார். எதிர்ப்பக்கம் ஒட்டியிருந்த அரக்கின் அடியில் பிய்ந்துபோன துண்டு அப்படியே இருந்தது. ஓட்டையும் துண்டும் கச்சிதமாகப் பொருந்தின.

வக்கீல் விடவில்லை. "அதெப்படிம்மா, நாப்பத்தோரு காயிதத்துல ஒண்ணுலகூடவா ஸ்டாம்பு ஒட்டியிருக்க மாட்டான்?"

"உள்ள தேதி என்ன போட்டிருக்கு?"

பி.ஏ. இருவரும் இந்தத் தடவை தலையாட்டவில்லை.

"நீங்க யாரும் பிரிச்சே பாக்கலையா?" என்று செண்பகவல்லி கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவனும் பிரித்துப் பார்க்கவில்லை. நக்கிப் பார்த்தோம், பிரித்துப் பார்க்கவில்லை.

அவரே பிரித்தார். "ஆயிரத்து எண்ணூத்தி முப்பத்தொண்ணு." இன்னொன்று. "இருபத்தாறு." இன்னொன்று. "முப்பத்திநாலு." பிறகு, "மொதல் ஸ்டாம்பு எந்த வருசம் அண்ணாச்சி வந்துச்சு? எனக்குத் தெரியாது, அதான் கேக்கேன்."

வருஷா வருஷம் பள்ளிக்கூடங்களில் நாங்கள் நடத்துகிற வினாடி வினாவில் இதுதான் முதல் கேள்வி. தலைவருக்கு மூளை யோசிக்கும் முன்னால் வாய் பதில் சொல்லிவிட்டது.

"ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது, மே மாசம், இங்கிலாந்தில..."

தலைவர் பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்தார், என்ன செய்வது என்று தெரியாமல் சட்டையில் துடைத்தார். உலகத்தில் ஸ்டாம்பே பிறக்காத காலத்துக் கடிதங்களிலிருந்து சூசை ஸ்டாம்பைத் திருடிவிட்டார் என்று நாங்கள் கண்டுபிடித்திருக்கிறோம். பசை ருசி வேறு வந்திருக்கிறது.

செண்பகவல்லி மணியைப் பார்த்தார். "அப்ப நான் என்ன எழுதிக் குடுக்கணும்?" என்றார். வக்கீல் அவசரமாக, "வேண்டாம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சுல்லா" என்றார். செண்பகவல்லி போய்விட்டார்.

பிறகு என்ன நடந்தது? சொன்னால் நம்பமாட்டீர்கள். எங்கள் சங்கத்து அலமாரியில் ஒரு தடித்த ஆங்கிலக் கேட்லாக் இருக்கிறது. படங்கள் நாற்பதாம் பக்கத்தில் ஆரம்பிப்பதால் அதற்கு முந்தைய பக்கங்களை யாரும் தொட்டதில்லை. அன்றைக்கு எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அங்கே இருந்தது. கறுப்பு மை என்றால் வாங்குகிறவர் கட்ட வேண்டியது, சிவப்பு என்றால் கட்டியாயிற்று. ஊர்ப் பெயருக்குக் கீழே இருக்கிற நம்பர், லண்டனுக்கும் அந்த ஊருக்கும் எத்தனை மைல் என்பது. தூரத்தையும் எத்தனை காகிதம் என்பதையும் பார்த்துத்தான் கட்டணம். கவர் போட்டால் அதுவும் ஒரு காகிதமாகக் கணக்காகிவிடும் என்பதால் யாரும் கவர் போடமாட்டார்களாம். அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்டிவிட்டால் சில பேருக்குக் கோபம்கூட வருமாம் — எனக்குக் கொடுக்க வக்கில்லை என்று நினைத்தாயா என்று. நம் ஊர்ச் சம்பந்தி வீட்டார் அந்தக் காலத்திலேயே இங்கிலாந்தில் இருந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் உரக்க வாசித்துக்கொண்டிருந்தபோது தலைவர் முகத்தில் மெதுவாக வெளிச்சம் வந்தது.

"அப்ப இது ஸ்டாம்ப விட அபூர்வம் வே!" என்றார்.

அவ்வளவுதான். எல்லோரும் நாற்காலியை முன்னால் இழுத்தார்கள். கண்காட்சி வைக்கலாம் என்றார் ஒரு பி.ஏ. கலெக்டரைக் கூப்பிடலாம் என்றார் இன்னொரு பி.ஏ. ஆளுக்கு எட்டு, தலைவருக்கு ஒன்பது என்று மறுபடியும் பாகம் பிரிய ஆரம்பித்தது.

"நான் போலாமா?"

கதவருகே சூசை. முழு நேரமும் அங்கேதான் நின்றிருக்கிறார். தலைவர் திரும்பிப் பார்த்தார்.

"போலாம் சூசை. ஒண்ணும் மனசுல வச்சுக்காத" என்றார். சொல்லிவிட்டு ஒன்பதாவது கடிதத்தைத் தேர்ந்தெடுக்கத் திரும்பிவிட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. காப்பி டம்ளரைக்கூட எடுக்கப் பிடிக்கவில்லை.

அன்றைய தீர்மானத்தை வக்கீல் சொல்ல நான் எழுத வேண்டியிருந்தது. அது இப்படி: 'கடிதங்கள் குறித்து எழுந்த ஐயம், சங்கத்தின் தீவிர ஆய்வினால் முற்றிலும் நீங்கியது.' கவனித்தீர்களா? ஐயம் தானாக எழுந்திருக்கிறது. நாங்கள் ஆய்வு செய்து நீக்கியிருக்கிறோம். செண்பகவல்லி என்று ஒருவர் வரவே இல்லை. சூசை என்று ஒருவர் பிறக்கவே இல்லை.

"இத மேனேஜர்கிட்ட குடுத்தா சூசைக்கு வேலை கெடைக்காது அண்ணாச்சி" என்றேன். "சூசை மேல தப்பு இல்ல, தப்பு எங்க மேலதான்னு எழுதித் தரணும். நீங்க கையெழுத்துப் போடணும்."

"தலைவர் கையெழுத்துப் போட்டா சங்கம் தப்பு பண்ணுனதா ஆயிரும் வே."

"பண்ணலையா அண்ணாச்சி?"

"பண்ணுனோம். யாரு இல்லன்னு சொன்னா? அதுக்கு எழுத்துல வேற குடுக்கணுமா?"

நான் மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை ஆங்கிலம் வரவில்லை. நான்கு வரி எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. ஐந்து காகிதம் கிழித்துப் போட்டேன். அதை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேனேஜர் வாசித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். வியாழக்கிழமை முதல் சூசை வேலைக்கு வரலாம் என்று ஆர்டர் போட்டார். மெட்ராஸுக்கும் எழுதச் சொன்னேன். எழுதினார்.

என் பங்கு எட்டுக் கடிதத்தை நான் எடுக்கவில்லை. தியாகம் என்று நினைக்க வேண்டாம். அவற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மற்ற நால்வரும் அதையும் பிரித்துக்கொண்டார்கள்.

போன சனிக்கிழமை சாயங்காலம் சூசை வீட்டுக்குப் போனேன். கடற்கரைப் பக்கம், மாதா கெபியைத் தாண்டி நாலாவது வீடு. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். ஒரு மனிதரைத் திருடன் என்று சொன்னதற்கு எத்தனை பழம் சரியாக இருக்கும் என்று கடையில் யோசித்து நின்றது வேறு கதை.

சூசை நாற்காலி எடுத்துப் போட்டார். உட்காரச் சொன்னார். நாங்கள் இரண்டு ஞாயிறு செய்யாததை அவர் முதல் நிமிஷத்தில் செய்துவிட்டார். அவர் மனைவி குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எண்ணெய் சத்தம் மட்டும் கேட்டது.

"சூசையண்ணே, தப்புப் பண்ணிட்டோம். நீங்க எதையும் எடுக்கல" என்றேன். ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வசனம் இன்னும் நீளம். இவ்வளவுதான் வந்தது.

சூசை வாழைப்பழத்தை வாங்கி ஓரமாக வைத்தார்.

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா சார்?" என்றார். "தெரிஞ்ச ஆளுகிட்டயே வந்து சொல்லுதியளே. தெரியாதவன்கிட்டல்லா போய்ச் சொல்லணும்."

நான் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தேன்.

"வேல வந்துட்டு. அதுக்கு நன்றி. ஆனா நேத்து சலூனுக்குப் போனேன். நாலு பேரு உக்காந்திருக்கான். 'வாரும் ஸ்டாம்பு சூசை'ங்கான் ஒருத்தன். எல்லாரும் சிரிக்கான். இந்த ஊர்ல பட்டப்பேரு வச்சா அது போகாது சார், ஒங்களுக்கே தெரியும். எங்க அப்பாவுக்கு வச்ச பேருலதான் இன்னைக்கும் என்ன கூப்புடுதாங்க. எம் பேரன் நாளைக்குப் பள்ளிக்கூடம் போனா, எந்தச் சூசை வீட்டுப் பயலேன்னு கேப்பாங்க. இந்தப் பேரத்தான் சொல்லுவான்."

குசினியில் எண்ணெய் சத்தம் நின்றுவிட்டது. அந்த அம்மாள் கதவுக்குப் பின்னால் வந்து நிற்கிறார் என்று தெரிந்தது.

"என்ன செய்யணும் சூசையண்ணே, சொல்லுங்க."

"நீங்க வாரா வாரம் பத்திரிகையில எழுதுதியளாம். சலூன்ல கெடக்கும், பாத்திருக்கேன். ஊர்ல இருக்கவன் எல்லாரையும் கிண்டல் பண்ணி எழுதுவாருன்னு சொன்னாங்க. எம் மேல எழுதுன புகாரு இங்கிலீசுல டைப் அடிச்சு மெட்ராஸ் வரைக்கும் போச்சு. இத மட்டும் தமிழ்ல, எங்க வீட்டுக்குள்ள, கதவச் சாத்திக்கிட்டு சொன்னாப் போதுமா?"

கதவை நான்தான் சாத்தியிருந்தேன். உள்ளே வரும்போது, என்னையறியாமல்.

ஆகவே, இந்த வாரப் பக்கம்.

நகைச்சுவையாக எழுதும்படி ஆசிரியர் எப்போதும் சொல்வார். முடிந்தவரை எழுதியிருக்கிறேன். தலைவர் இதை வாசித்துவிட்டு என்னைச் சங்கத்திலிருந்து நீக்கலாம். அதற்கும் ஒரு தீர்மானம் போடுவார்கள். 'செயலாளர் குறித்து எழுந்த ஐயம்' என்று அது ஆரம்பிக்கும்.

சலூனில் உங்கள் முறைக்காகக் காத்துக்கொண்டு இந்தப் பக்கத்தைப் புரட்டுகிற தூத்துக்குடிக்காரருக்கு ஒரு வேண்டுகோள். நாற்காலியில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள்: குடோன் வாட்ச்மேன் சூசை எதையும் எடுக்கவில்லை. எடுக்க அங்கே ஒன்றுமே இருக்கவில்லை.

யாருக்காவது பட்டப்பெயர் வைத்தே தீரவேண்டும் என்றால், இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்த மாடிக்கு வாருங்கள். நாங்கள் ஐந்து பேரும் ஒரே இடத்தில் இருப்போம்.